திட்டிக்கொண்டே அடித்த சுவர்

வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களை உள்சுவர் அடிக்கிறவர்களோடு சேர்த்துப் பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உள்ளே அடிக்கிறவனுக்கு மின்விசிறி உண்டு. வேலையில் குறை விழுந்தால் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டிவிடலாம், பீரோவை நகர்த்தி வைத்துவிடலாம். வெளிச்சுவரில் எதை மாட்டுவது? போகிறவன் வருகிறவன் எவனும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவான். அப்படிப்பட்ட ஒரு சுவரைக் குறை சொல்ல இடமில்லாமல் அடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. தடா பக்கம் போகிறவர்கள் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம்.

எங்கள் ஊர் ஆந்திராவில் பிச்சாட்டூர் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம். என்னைப் பெற்றவர்களும் சரி, என் கணவரைப் பெற்றவர்களும் சரி, அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவர் திருப்பதிக்குப் போய் லாட்ஜ் கட்டடங்களில் பெயிண்ட் வேலை பழகினார். நான் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவரோடு ரோலர் பிடிக்க ஆரம்பித்தேன். திருப்பதி லாட்ஜ்கள், சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனிகளின் மதில்கள், நாராயணவனத்தில் சத்திரங்கள் என்று எங்கே போனாலும் இரண்டு பேரும் ஒரே சுவரில்தான். அவர் சாரத்தில் மேலே, நான் கீழே.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உயரமான சுவரை மேலிருந்து அடித்துக்கொண்டு வரும்போது, மேல் பாதியின் ஓரம் காய்வதற்குள் கீழ்ப்பாதி அதோடு சேர்ந்துவிட வேண்டும். ஈரத்தோடு ஈரம் சேர்ந்தால் ஒரே சுவராகத் தெரியும். ஒன்று காய்ந்து இன்னொன்று ஈரமாக இருந்தால், சேர்ந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். இதை எங்கள் பேச்சில் ஜாயிண்ட் என்போம். காய்ந்த பிறகு அது போகவே போகாது. நாங்கள் இரண்டு பேரும் அடித்த சுவரில் ஜாயிண்ட் தேடுகிறவன் கண்வலி வந்துதான் திரும்புவான். மேலே அவர் எந்த இடத்தில் இருக்கிறார், எப்போது இறங்குவார் என்று பார்த்துப் பார்த்து நான் கீழே கை வைப்பேன். முந்தவும் மாட்டேன், பிந்தவும் மாட்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் திருப்பதியில் லாட்ஜ் ஒன்றின் உச்சியில் நின்றிருந்தவர் திடீரென்று சவுக்குக் கொம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ரோலர் கீழே விழுந்தது. "மே, எல்லாம் சுத்துதுமே" என்றார். நான் ஏறிப்போய், அவர் இடுப்பை என் கையால் வளைத்து, ஒவ்வொரு கட்டையாகக் கால் வைக்கச் சொல்லி இறக்கிக்கொண்டு வந்தேன். புத்தூர் டாக்டர் பார்த்துவிட்டுக் காதுக்குள் இருக்கிற ஏதோ ஒன்று கெட்டுவிட்டது, அதனால்தான் தலை சுற்றுகிறது என்றார். தரையில் நடமாடலாம், வேலை செய்யலாம். ஆனால் உயரம் ஏறக்கூடாது, தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து பார்க்கவும் கூடாது.

பெயிண்ட் அடிக்கிறவன் அண்ணாந்து பார்க்காமல் என்ன செய்வான்? அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தார். பிறகு தடா பக்கத்துத் தொழிற்பேட்டையான ஸ்ரீசிட்டிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒருவரிடம் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லி வைத்தார். ஆதார் நகலும் போட்டோவும் கொண்டுவந்தால் போதுமாம்.

"தொப்பி குடுப்பாங்க, விசில் குடுப்பாங்க. நெழல்ல உக்காந்துகினே இருக்கலாம்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

செக்யூரிட்டி வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பத்துக்கு அந்த வேலைதான் சோறு போடுகிறது. ஆனால் அவர் கை எப்படிப்பட்ட கை என்று எனக்குத் தெரியும். ஜன்னல் ஓரத்தில் டேப் ஒட்டாமல், பிரஷ்ஷை ஒரே இழுப்பாக இழுத்து நேர்கோடு போடுகிற கை. அது கார்களுக்கு சல்யூட் அடிக்கப் போவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லாமல் வேறு யாருடைய சுவரிலாவது போய்க் கூலிக்கு நிற்க எனக்கு மனசே இல்லை. பெயிண்ட் வாசனையோடு அவர் என் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் கடலுக்குப் பக்கத்தில், தடாவில் ஒரு மாடிவீட்டு வேலை வந்தது. இறால் குட்டை வைத்திருக்கிற குடும்பம். ஐயா எப்போதும் குட்டையிலேயே இருப்பார். வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த அம்மாதான். மகள் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் வெளிப்பக்கம் முழுவதையும் முடித்துக் கொடுக்க வேண்டும்.

"நான் ஏறுறேன். நீ கீழ நில்லு" என்றேன் அவரிடம்.

"உனுக்கு இன்னா பைத்தியமா?"

"திருப்பதில உன்ன எறக்கிக்கினு வந்தது யாரு? அப்ப ஏறத் தெரிஞ்சது, இப்பத் தெரியாதா?"

நான் விடவில்லை. "இந்த ஒரு வூட்ட அடிப்போம்யா. முன்பக்கம் ஜாயிண்ட் இல்லாம வந்துச்சின்னா நீ எங்கயும் போவக் கூடாது. ஜாயிண்ட் வுழுந்துச்சின்னா, உன் செக்யூரிட்டித் தொப்பிய நானே தொவச்சிக் குடுக்கறேன்."

சத்தியவேடு வழியாக வண்டியில் போய் இறங்கினோம். வேலை முடிகிறவரை அந்த வீட்டுக் கார் ஷெட்டிலேயே தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. எங்கள் மகளுடைய சுடிதார் பேண்ட்டும் அவருடைய பழைய சட்டையும் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து அந்த வீட்டம்மா மூக்கின்மேல் விரல் வைத்தார்.

"ஏம்மா, மேல எக்குறது நீயா? அப்ப ஆயன ஏமி சேஸ்தாரு?" மேலே ஏறுவது நான் என்றால் அவர் என்ன செய்வார் என்று தெலுங்கு கலந்து கேட்டார்.

"கீழ நிப்பாரும்மா. இத்தினி வருசம் நான் நின்ன எடத்துல" என்றேன்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செய்ங்க, ஆனா முன்னாடி பக்கம் பாகா, நல்லா வரணும். சம்பந்தி வீட்டாளுங்க மொதல்ல பாக்குறது அதத்தான்" என்றார். மற்ற மூன்று பக்கமும் சந்தன நிறம். முன்பக்கத்துக்கு மட்டும் அடர்த்தியான மயில்நீலம் தேர்ந்தெடுத்திருந்தார். வெளிர் நிறத்தில் கொஞ்சம் ஏமாற்றலாம். மயில்நீலத்தில் ஈ உட்கார்ந்த இடம்கூடத் தெரியும்.

பின்பக்கச் சுவரில் ஆரம்பித்தோம். எங்கள் ஊர் வழக்கப்படி விடிவதற்கு முன்பே எழுந்து அடித்தோம். உச்சி வெயிலில் படுத்துக்கொண்டோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மறுபடி அடித்தோம். பிச்சாட்டூரிலும் திருப்பதியிலும் வெளிச்சுவர் வேலை என்றால் இப்படித்தான். வெயிலில் அடித்தால் பெயிண்ட் வெந்துபோகும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த சாஸ்திரம். காலையில் சுவரில் கை வைத்தபோது சில்லென்று இருந்தது. கடல் பக்கத்துச் சுவர் எவ்வளவு குளுமை என்று சந்தோஷப்பட்டேன். அது குளுமை இல்லை, ஈரம். பெயிண்ட் சுவரைப் பிடிக்காமல் திட்டுத் திட்டாக நின்றது. சாயங்காலம் அடித்த பகுதியோ மறுநாள் காலையில் பிசுபிசுவென்று கோடு கோடாக வழிந்திருந்தது, அழுக்குத் துணியைப் பிழிந்து மேலே போட்டது போல. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

வீட்டம்மா வந்து பார்த்தார். "ஐயோ, பொழுது போனா இங்க எல்லாம் நனஞ்சிடும்மா. மாடில போட்ட துணியே காயாது. சுவரு எப்படிக் காயும்?" என்றார். அவருக்கு அது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? காய்ந்த ஊரிலிருந்து வந்தவர்கள் செய்கிற தப்பை ஒன்றுவிடாமல் செய்திருந்தோம்.

சுவர் முழுவதையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து அடித்தோம். இந்த முறை பனி காய்ந்து வெயில் ஏறிய பிறகுதான் ரோலரைத் தொட்டோம். பொழுது சாய்வதற்கு ரொம்ப முன்னாலேயே கை கழுவிவிட்டோம். அதாவது, எந்த நேரத்தில் எங்கள் ஊரில் நாய்கூடத் தெருவுக்கு வராதோ, அந்த நேரத்தில் நான் சாரத்தின் உச்சியில் நின்றேன். கடற்கரை வெயில் எங்கள் ஊர் வெயில் மாதிரி காயவைப்பதில்லை, புழுக்கி எடுக்கிறது. வியர்வை ஆறாமல் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். புருவத்திலிருந்து இறங்கிக் கண்ணைக் கரிக்கும். கொம்பைப் பிடித்தால் கை வழுக்கும். ரோட்டில் ஸ்ரீசிட்டிக்குப் போகிற கம்பெனி பஸ்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். பார்க்கட்டும் என்று இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

பின்பக்கம் தேறிவிட்டது. அடுத்து பக்கச்சுவருக்கு வந்தோம். அங்கேதான் எங்கள் இரண்டு பேருக்கும் வினை வந்தது.

மேலே இருக்கிறவர் முன்னால் போக வேண்டும், கீழே இருக்கிறவர் அவருக்குக் காத்திருக்க வேண்டும். அவருக்கோ வாழ்நாள் முழுக்க முன்னால் போய்த்தான் பழக்கம். நான் பாதி உயரம் இறங்குவதற்குள் அவர் கீழ்ப்பகுதியை முடித்துவிட்டுப் பீடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அங்கே வந்து சேரும்போது அவருடைய ஓரம் கொதிக்கிற சுவரில் காய்ந்து முறுகிப் போயிருந்தது. சுவர் காய்ந்த பிறகு சன்ஷேடுக்குக் கீழே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கோடு.

வீட்டம்மா கேட்டிலிருந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, சுவருக்கு அரணாக்கயிறு கட்டிட்டீங்களா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் சாரத்தை விட்டு இறங்கக்கூட இல்லை. மேலிருந்தே கத்தினேன். "யோவ், நான் வர்றதுக்குள்ள உன்ன எவன்யா அடிக்கச் சொன்னான்? வண்டி கிளம்பிடுமா?"

"நீ எங்க கீறன்னு எனுக்கு எப்படிமே தெரியும்? மேல பாத்தா சுத்துது. குரல் குடுன்னா குடுக்க மாட்டேன்ற."

அது உண்மைதான். வந்துவிட்டேன், ஆரம்பி என்று நான் குரல் கொடுப்பதாகத்தான் பேச்சு. ஆனால் ரோலர் கையில் இருந்தால் எனக்கு வாயே திறக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வேலையில் கண்ணாக இருக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் பேசமாட்டேன். சந்தன நிறமாக இருந்ததால் பக்கச்சுவரை இன்னொரு கை அடித்து ஒருவழியாக மறைத்துவிட்டோம். மயில்நீலத்தில் அந்த வித்தை பலிக்காது.

முன்பக்கத்துக்குச் சாரம் மாற்றிக் கட்டிய அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"துன்னுய்யா" என்றேன்.

"நாளைக்கு ஜாயிண்ட் வுழும்மே. நான் செக்யூரிட்டி வேலைக்கே போயிடறேன். உன் பேரும் எதுக்குக் கெடணும்?"

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அதை மறைக்கத்தான் கோபப்பட்டேன். அவருடைய அவசரபுத்தியில் ஆரம்பித்தேன். அவர் வண்டி ஓட்டுகிற லட்சணம், பார்த்து வாங்கத் தெரியாமல் வாங்கி வருகிற சொத்தைக் கத்தரிக்காய் எல்லாவற்றையும் இழுத்தேன். ஷெட்டின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நடந்துகொண்டே, பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டே, பொரிந்து தள்ளினேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"மே, இதான்மே."

"எது?"

"நீ வேல செஞ்சா பேச மாட்ட. கோவம் வந்தா ரெண்டும் செய்வ. இப்ப நீ எங்க நின்னுகினு திட்டறன்னு எனுக்குப் பாக்காமயே தெரியுது. நாளைக்கு மேலேர்ந்து திட்டிக்கினே எறங்கு. உன் குரல் வர்ற எடத்த வச்சி நான் அடிக்கறேன்."

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை. பல நாட்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு மேஸ்திரியின் யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

முன்பக்கம் கிழக்குப் பார்த்த சுவர். உச்சி சாய்ந்ததும் நிழல் விழும். ஆனால் காலையெல்லாம் வாங்கிய வெயிலில் அது அடுப்புக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். நிழல் விழட்டும் என்று காத்திருந்து ஏறினேன். கயிற்றை இறுக்கினேன். ரோலரை நீலத்தில் புரட்டிச் சுவரில் வைத்தேன். வழக்கம்போல வாய் பூட்டிக்கொண்டது.

"திட்டுமே!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ஆரம்பித்தேன். எங்கள் கல்யாணத்திலிருந்தே ஆரம்பித்தேன். நாராயணவனத்தில் தாலி கட்டிய கையோடு, கூட வந்தவர்களுக்கு டீ சொல்லப் போகிறேன் என்று போனவர் அங்கே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவனிடம் பேச நின்றுவிட்டதையும், மாலையும் கழுத்துமாக நான் தனியாக உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். சினிமாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சித்தூருக்கு அழைத்துப்போய்ப் பெயிண்ட் கடையில் உட்காரவைத்ததைச் சொன்னேன். மகள் பிறந்த அன்று பெயிண்ட் கையோடு வந்து குழந்தையைத் தூக்கி, அதன் கன்னத்தில் வெள்ளையைப் பூசி, நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆத்திரம் ஏறியது. கையும் வேகமாக ஓடியது. வலது பக்கம் நகர்ந்தால் என் குரலும் நகர்ந்தது, கீழே அவரும் நகர்ந்தார். அண்ணாந்து பார்க்கவே இல்லை. ரோலரை நனைத்து வைத்துக்கொண்டு, காதை மட்டும் என் பக்கம் கொடுத்து நின்றார்.

வீட்டம்மா நாற்காலியைக் கொண்டுவந்து கேட்டோரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரோட்டில் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "அக்கா, அண்ணன் பாவம்க்கா" என்றார். அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

சன்ஷேடுக்குப் பக்கத்தில் வந்தபோது என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. குறட்டை, சொத்தைக் கத்தரிக்காய், மறதி எல்லாம் முடிந்தது. புதிதாகத் திட்ட ஒன்றுமே அகப்படவில்லை. இரண்டு இழுப்பு சத்தமில்லாமல் அடித்தேன்.

"நிறுத்தாதமே! எங்க கீற?" கீழே அவர் குரல் பதறியது. இரண்டு ஓரமும் சேர வேண்டிய இடம் அதுதான். என் ஓரம் ஈரமாக இருந்தது. அவர் கை காற்றில் நின்றது.

வாயில் வந்ததைச் சொன்னேன். குரலை மட்டும் மாற்றவில்லை, திட்டுகிற குரலிலேயே கத்தினேன். "என் தலைல இருந்த கலவச் சட்டிய எறக்கி வச்சிட்டு ரோலரக் குடுத்தியே, யாருய்யா உன்னக் கேட்டது? பொம்பளைக்கு எதுக்குடா ரோலருன்னு ஊரே சிரிச்சப்ப, எம் பொண்டாட்டி மாதிரி ஒருத்தன் அடிக்கட்டும் பாக்கலாம்னியே, எதுக்குய்யா சொன்ன? எனுக்குக் காய்ச்சல்னா எம் பங்கையும் நீயே அடிச்சிட்டு, அவதான் அடிச்சான்னு சொல்லுவியே, வெக்கமா இல்ல உனுக்கு? உன்ன வுட்டா எனுக்கு யாருய்யா கீறாங்க? தொப்பி போட்டுக்கினு போறானாம் தொப்பி!"

கீழே அவருடைய ரோலர் சுவரில் ஏறுகிற சத்தம் கேட்டது. என் ஈரத்தில் வந்து அவர் ஈரம் சேர்ந்தது. சேர்ந்தபடியே இரண்டு பேரும் இடமிருந்து வலமாக அந்தச் சுவரின் கடைசி வரை போனோம். நான் திட்டுகிற குரலிலேயே இன்னும் என்னென்னவோ சொன்னேன். வீட்டம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பிறகுதான் கவனித்தேன்.

இறங்கி ரோட்டுக்கு ஓடினேன். அவரும் வந்து, தலையை நிமிர்த்தாமல் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தள்ளித் தள்ளி எதிர்ப்பக்க வேலி வரைக்கும் போய் நின்றார். சுவர் காயக் காய இடத்தை மாற்றி மாற்றி நின்று பார்த்தோம். மேலிருந்து கீழ்வரை ஒரே நீலம். சன்ஷேடுக்குக் கீழே எந்த இடத்தில் என் கை முடிந்தது, எந்த இடத்தில் அவர் கை தொடங்கியது என்று அடித்த எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ சுவர் அடித்திருக்கிறோம். இதைப் பார்த்து நின்றதுபோல எதையும் பார்த்து நான் நின்றதில்லை. என் நெஞ்சு நிமிர்ந்து போயிருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

"பாகுந்தி, சால பாகுந்தி" என்று வீட்டம்மா நல்லாயிருக்கு என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே காபி போட உள்ளே போனார்.

பக்கெட்டில் ரோலர்களை அலசிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ஸ்ரீசிட்டிக்கு ஆள் பிடிக்கிறவர். கை ஈரமாக இருந்ததால் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் படிக்கட்டில் வைத்தார். ஆதாரும் போட்டோவும் எடுத்துக்கொண்டு நாளைக்கே வந்துவிடு, இடம் காலியாக இருக்கிறது என்றது அந்தக் குரல்.

"இல்ல சார், வர முடியாது" என்றார் இவர். "பெயிண்ட் வேலைல கீறேன்."

"நீதான் இனிமே ஏற முடியாதுன்னு சொன்னியேப்பா? யாருகிட்ட வேல செய்யற?"

அவர் ரோலரைப் பிழிந்தார். நீலத்தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. என்னைப் பார்க்காமலேதான் சொன்னார்.

"ஒரு மேஸ்திரி கீறாங்க சார். அவுங்கள வுட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்."